வலது பக்கத்து ஸ்பீக்கர்

டிவியில் படம் ஓடியது, சத்தம்தான் வரவில்லை. திரையில் மனைவி வாயைத் திறந்து என்னவோ சொல்கிறாள், லிஃப்ட்காரர் காதில் ஒன்றும் விழவில்லை.

லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று ஊருக்குப் போயிருந்தாள். ஒரு மாதத்தில் வருகிறேன் என்று போனவள், பேரனுக்குப் பல் முளைத்த பிறகும் வந்தபாடில்லை. போனில் கேட்டால், "எனக்கென்ன குறை, இருந்துட்டு மெதுவா வா" என்று வீறாப்பாகச் சொல்லிவிடுவார். போனை வைத்ததும் வீடு வெறிச்சென்று இருக்கும்.

போனிலும் அவள் பேரனைப் பற்றித்தான் பேசினாள். மகளின் கல்யாண டிவிடியில் ஓரிடத்தில் அவரிடமே பேசுகிறாள். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் அவருக்கு.

டிவியின் சத்தம் எப்போதோ போய்விட்டதால், பரணிலிருந்து மருமகனின் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களை இறக்கினார். பத்து மாடி லிஃப்டையே ஏற்றி இறக்குகிறவருக்கு ஒரு டிவிடி பிளேயர் எம்மாத்திரம்? ஆனால் பிளேயரின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று ஓட்டைகள். ஸ்பீக்கர் ஒயரிலோ ஒல்லியாக ஒரே ஒரு பின். கடைக்கு ஓடி, இரண்டையும் சேர்க்கும் ஒயர் வாங்கி வந்தார். அவசரத்தில் படத்துக்கான மஞ்சள் ஒயரைப் பிடுங்கிவிட்டு அங்கே சொருக, இருந்த படமும் போனது. ஸ்பீக்கர் 'ஙொய்' என்றது.

மாற்றிச் சொருகினார். படம் திரும்பியது, இடது ஸ்பீக்கரில் பாட்டும் வந்தது. வலது ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. வீடியோ எடுத்த புண்ணியவான் பாட்டை இடது பக்கமும் பேச்சை வலது பக்கமும் பிரித்து வைத்திருந்தார். மனைவி பேசுகிற இடத்தில் யாரோ ஒருவர் உருகி உருகிப் பாடினார்.

வலது ஸ்பீக்கரைக் கழற்றி, அறுந்திருந்த ஒயரைப் பற்றவைத்தார். மூடும்போது சத்தத்தைக் குறைக்கும் குமிழ் கையோடு வந்துவிட்டது. ஒருவழியாகக் குரல் வந்தது, ஜன்னல் அதிரும்படி.

"வந்தவங்களையே பாத்துட்டு நின்னா எப்படி? நீங்க வந்து சாப்பிடுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து வேளாவேளைக்கு அதைப் போட்டுக் கேட்ட பிறகுதான் தட்டின் முன் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று என்ன சத்தம் என்று விசாரித்தபோது, ரிப்பேர் வேலை என்று சமாளித்தார். பெண்டாட்டி நினைப்பு என்று சொல்ல வெட்கம். அக்கா தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் மனைவி பையும் கையுமாக வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி, குளியலறை, பீரோவுக்குப் பின்பக்கம் என்று தேடினாள்.

"எங்க அவ?"

"எவ?"

"வேளாவேளைக்கு உங்களைச் சாப்பிடக் கூப்பிடறவ. பக்கத்து வீட்டு அக்கா போன்ல எல்லாம் சொல்லிட்டாங்க."

அவர் பிளேயரைப் போட்டார். ஜன்னல் அதிர்ந்தது. தன் குரலைக் கேட்டபடி அவள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இதை போன்ல சொல்றதுக்கென்ன?" என்றாள்.

சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்திருந்தார். மனைவியின் கோபம் அந்தப் பக்கம் திரும்பியது.

"இத்தனை வருஷமா பக்கத்துல இருக்கீங்களே அக்கா, என் குரல்னு தெரியலையா?"

"மொத நாளே தெரிஞ்சுதும்மா. அதைச் சொல்லியிருந்தா, அடுத்த மாசம் வர்றேன்னுதான சொல்லியிருப்ப."