வானக்காவலன் பறந்த விதம்

உலகைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதைப் படக்கதைப் புத்தகம் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘வானக்காவலன்’ படக்கதையைச் சினிமாவாக எடுத்தவர்கள் அந்தப் பொறுப்பைத் துளியும் சிந்தாமல் சுமந்தார்கள். புத்தகத்தில் வானக்காவலன் தானேதான் பறக்கிறான். ஆகவே படத்திலும் கதாநாயகர் தானே பறக்கிறார், டூப் என்று யாரும் ‘கிடையாது’ என்று பத்திரிகைகளுக்கு அறிவித்துவிட்டார்கள்.

கிடையாத அந்த டூப், அன்று மூன்று மாடி உயரத்தில் கிரேன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். தீயிலிருந்து மீட்ட நாய்க்குட்டியோடு பறக்கும் காட்சி. ஷாட் முடிந்ததும் முதல் வேலையாக நாய்க்குட்டியை இறக்கினார்கள். கீழே அதற்கென்றே ஒரு டாக்டர் காத்திருந்தார். அடுத்து டூப்பை இறக்க வேண்டிய நேரத்தில், பத்திரிகைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து தொலைத்தார்கள். இல்லாத ஆளை எப்படி இறக்குவது? கிரேன்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

கதாநாயகர் அதே உடையில், கசங்காமல், நாற்காலியில் அமர்ந்து பேட்டி கொடுத்தார்.

“பறக்கும்போது பயமா இருக்காதா சார்?”

“மக்கள் கஷ்டத்துல இருக்கும்போது நம்ம பயத்தைப் பாக்க முடியுமா?”

மேலே இருந்த டூப்புக்குக் கேட்கவே நெகிழ்ச்சியாக இருந்தது. கால்கள்தான் மரத்துப்போயிருந்தன. அப்போது தலைக்கு மேலே கயிற்றில் ஒரு புரி விட்டது.

ஒரு நிருபர் அண்ணாந்து பார்த்தார். “மேல தொங்குறது யாரு?”

“பொம்மை சார். வெளிச்சம் பாக்கறதுக்கு மாட்டியிருக்கோம்,” என்றார் படக் கம்பெனி மேனேஜர், தலையை நிமிர்த்தாமலே.

டூப் தொழில் பக்தி உள்ளவர். உடனே பொம்மையானார். மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அடுத்த புரி விட்டபோதுதான் பொறுக்க முடியவில்லை.

“அண்ணே, ரோப் போகுது. கொஞ்சம் இறக்குங்கண்ணே.”

“பொம்மை பேசுதே?” என்றார் நிருபர்.

“பேசுற பொம்மை சார். புது டெக்னாலஜி.”

நிருபர்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

கதாநாயகர் வானக்காவலனின் மகிமைக்கு வந்திருந்தார். “எங்க யாரு ‘காப்பாத்துங்க’ன்னு முனகினாலும் சரி, கடல் தாண்டி இருந்தாலும் அவனுக்குக் கேட்டுடும்.”

கயிறு அறுந்தது.

கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் உடம்பைத் தாங்கின. வலது கால் மட்டும் தரையில் போய் மோதியது. டூப் பல்லைக் கடித்துக்கொண்டார், கத்தவில்லை. பொம்மை கத்தினால் கம்பெனி பெயர் என்னாவது?

“பரவாயில்ல சார், வேற பொம்மை இருக்கு,” என்று மேனேஜர் எல்லோரையும் டிபனுக்கு அழைத்துப்போனார்.

படம் வெளியான அன்று மாவுக்கட்டோடு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார் டூப். விளக்கு அணைந்ததும் திரையில் முதல் வரி வந்தது: ‘இப்படத்தில் எந்த உயிரினமும் துன்புறுத்தப்படவில்லை.’

மனைவி திரையைப் பார்த்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். “ஏங்க, இப்படிப் போட்டிருக்காங்க?”

“சரியாத்தாம்மா போட்டிருக்காங்க,” என்றார் டூப். “நாய்க்குட்டியைத்தான் அப்பவே இறக்கிட்டாங்களே.”