நான்கு வினாடிச் சத்தம்

விபத்து அறிக்கையின் மூன்றாவது கட்டத்தில்தான் கிரிஜா மாட்டிக்கொண்டாள். 'நீங்கள் கேட்டது என்ன?' என்று அதில் இருந்தது. 'கிரஹாம் ஸ்க்ரீம் செய்தார்' என்று எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளோடு மேனேஜர் கிரஹாமே இப்போது எதிரில் நின்றார். காதுமடல்கள் சிவந்திருந்தன.

"கிரிஜா, நான் ஸ்க்ரீம் பண்ணலை."

"சாரி, சார்."

"சார் வேண்டாம். கிரஹாம்."

"சாரி, கிரஹாம் சார்."

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மெரிலேண்ட்ஸ் புறநகரில் ஷாம்பூ தயாரிக்கும் சிறு தொழிற்சாலை அது. திங்கட்கிழமை காலை பரிசோதனைக்கூடத்தில், உப்பிப்போயிருந்த ஒரு டிரம்மின் மூடியை கிரஹாம் திருகினார். மூடி பறந்துபோய்க் கூரையில் மோதியது. கிரிஜா கண்களை இறுக மூடிக் காதுகளையும் பொத்திக்கொண்டாள். பொத்திய கைகளையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது கிரஹாம் வாயைப் பிளந்தபடி நின்றார். சத்தம் யாருடையது என்று அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

அந்தச் சத்தத்தில்தான் வெளியே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு ஓர் அடுக்கு ஷாம்பூ பாட்டில்களைக் கவிழ்த்தார். யாருக்கும் காயமில்லை. ஆனாலும் அது எப்படிப்பட்ட சத்தம், யார் போட்டது என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது.

வெள்ளிக்கிழமையோடு கிரிஜாவின் ப்ரொபேஷன் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் கிரஹாம். கணவன் நரசிம்மன் ஏழு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். வீட்டில் வேலை என்று இருந்தது இது ஒன்றுதான்.

கிரிஜாவுக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. அதனால் சத்தத்துக்கான ஆங்கிலச் சொற்களும் பழக்கமில்லை.

"ஆம்பளைக்குப் போய் யாராவது ஸ்க்ரீம் போடுவாங்களா?" அன்று மாலை வீட்டில் நரசிம்மன் தலையில் அடித்துக்கொண்டான். "பேய்ப் படத்துல பொம்பளைங்கதான் ஸ்க்ரீம் பண்ணுவாங்க. யெல்னு போடு. கௌரவமா இருக்கும்."

செவ்வாய்க்கிழமை யெல் போட்டாள். மதியமே தாள் திரும்பி வந்தது.

"நான் யெல்லும் பண்ணலை, கிரிஜா. நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசித்தாள். யெல் என்றால் கோபத்தில் கத்துவதாகவும் ஆகும். மேனேஜர் ஊழியர்மேல் கத்தினார் என்று யூனியன் கிளம்பினால்?

மாலையில் நரசிம்மன் நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் ஓர் அகராதியைச் சுமந்துகொண்டு வந்தான்.

"ஷ்ரீக்?" என்றாள்.

"அது ஸ்க்ரீமைவிட மோசம். காது கிழியும்."

"பெலோ?"

"மாடு."

"ஹௌல்?"

"ஓநாய். உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"தமிழ்லன்னா அலறினார்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேன்."

"தமிழ்ல எழுதினா அவருக்குப் புரியாது. அது ஒரு சௌகரியம்தான்." பக்கத்தைப் புரட்டியவன் துள்ளினான். "ரோர்! சிங்கம் போடற சத்தம். சிங்கம்னு சொன்னா எந்த மேனேஜருக்குடி கோவம் வரும்?"

புதன்கிழமை அறிக்கையில் கிரஹாம் கர்ஜித்தார்.

படித்துவிட்டு அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளையே சிறிது நேரம் பார்த்தார்.

"கிரிஜா, நான் எந்தச் சத்தமும் போடலை."

சொல்லை மாற்றச் சொன்னவர் இப்போது சத்தத்தையே இல்லை என்கிறார்.

"ஆனா... எனக்குக் கேட்டதே."

"கேட்டிருக்கும். யாருக்குத்தான் கேக்கலை?" பெருமூச்சு விட்டார். "அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்."

கிரிஜா எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். கல்லூரியில் ஒரு டைட்ரேஷன் அளவைக்கூடத் திருத்தி எழுதியதில்லை. வேலைக்காகக் கேட்டதைக் கேட்கவில்லை என்பதா? அன்றிரவு அவள் தூங்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை முடிவுக்கு வந்தாள். அபிப்பிராயம் வேண்டாம், கவனித்ததை மட்டும் எழுதுவது. 'சத்தம் யெல்ப்பாக (நாய்க்குட்டியின் கீச்சொலி) தொடங்கி, ஷ்ரீக்காக உயர்ந்து, ஹௌலாக முடிந்தது. கால அளவு: சுமார் நான்கு வினாடி. மூலம்: கிரஹாம்.' பக்கத்தில் சிறிதாக ஒரு வரைபடமும் போட்டாள். அதைத் தலைமை அலுவலகத்துக்கே ஃபேக்ஸில் கொடுத்தாள். தாள் பாதி உள்ளே போனபோது பயம் வந்துவிட்டது. பிடித்து இழுத்தாள். இயந்திரம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தலைமை அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரி வந்து இறங்கினார். கையில் அந்த வரைபடம்.

கிரஹாமின் அறைக் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தால், கிரஹாம் இரண்டு கைகளையும் விரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஃபோர்க்லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர் கிரிஜாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார். துக்கம் விசாரிப்பதுபோல் இருந்தது. அவள் மனத்துக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதத் தொடங்கினாள். அதற்காவது ஆங்கிலச் சொற்கள் தெரிந்திருந்தன.

அடுத்து, பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துச் சத்தியபாமா அன்ரியை அழைத்தார்கள். சம்பவத்தன்று முதலில் ஓடிவந்து எட்டிப்பார்த்தவர் அவர்தான். பத்து நிமிடம் கழித்து, தலையில் போட்டிருந்த வலையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார்.

கிரிஜா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, உள்ள என்ன கேட்டாங்க?"

"கத்தினது ஆர் எண்டு கேட்டவை, பிள்ளை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூடி பறந்த சத்தம் மட்டுந்தான் கேட்டது எண்டு சொல்லிப்போட்டன்."

கிரிஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பொய் சொன்னீங்களா? அவரைக் காப்பாத்தவா?"

சத்தியபாமா அன்ரி இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அவரையோ? கத்தினது நீர் எண்டு அந்த மனுசனே அஞ்சு நாளாய் வாய் திறக்கேல்லை, நான் எப்பிடிப் பிள்ளை சொல்லுவன்?"