நத்தையும் என் தொண்டைக் கனைப்பும்

அன்பும் கோபமும் சம அளவில் வாய்த்த என் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அண்ணி மட்டும் நான் சுகமில்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்குக் காரணம் முகம் பார்க்கும் கண்ணாடி. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

போன மாதம் போனில் நீ என்ன சொன்னாய்? "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்கண்ணா. பொம்மைப் படம் போடறேன்னு உக்காந்திருக்கா. நயமா நாலு வார்த்தை பேசி வீட்டுக்கு அனுப்பி வைங்க, பள்ளிக்கூட ஆபீஸ்ல வேலை காலியா இருக்கு, அடுத்த மாசக் கடைசி வரைக்கும்தான் வெச்சிருப்பாங்க" என்றாய். சரி என்று கிளம்பினேன். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கதவைத் திறந்தால் பத்துப் பதினொரு பேர், ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு கண்ணாடி. எல்லாரும் அதைப் பார்த்து உதட்டைக் குவிக்கிறார்கள், பல்லை இளிக்கிறார்கள், நாக்கை நீட்டுகிறார்கள். மாடி மாறி வந்துவிட்டேனோ என்று திரும்பப் போனவனை உன் மகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க மாமா, வேலை பாக்கறாங்க. இதைப் பாத்துத்தான் பொம்மைக்கு மூஞ்சி வரையணும்" என்றாள்.

தாடி என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருவன் அங்கே வாய் வரைகிறான். அதுதான் அவன் உத்தியோகம். "மொத்தம் எட்டு வாய்தான் சார். மனுஷன் எதைப் பேசினாலும் இந்த எட்டுக்குள்ள அடங்கிடும்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் ஒரு எண்ணைச் சொன்னால் சரிபார்க்காமல் இருக்க முடியுமா? வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினேன், மறுபடியும் ஒன்பது. உன் அண்ணி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு வாய் கோணிக்கொண்டது என்று டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். அந்த மனுஷர் வந்து, விஷயத்தைக் கேட்டு, ஊசியை உள்ளே வைத்துவிட்டு, தானும் கண்ணாடி முன்னால் நின்றார். அவருக்குப் பத்து வந்தது.

இனி உன் மகள் போடுகிற பொம்மைத் தொடர். முதலில் அது பூரானாக இருந்ததாம். நாற்பது கால், நாற்பது செருப்பு. மாட்டி முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும். நல்ல கதைதானே? நானும் அதைத்தான் சொன்னேன். "ஒரு கால் ஒரு எட்டு எடுத்து வைக்கப் பன்னெண்டு படம் மாமா. நாப்பது காலுக்கு நீங்களே பெருக்கிக்கோங்க" என்றாள். நானூற்று எண்பது. வரைகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்களாம். அதனால் எட்டுக் கால் சிலந்தி ஆனது. பிறகு நாலு கால் நாய், பிறகு இரண்டு கால் கோழி. கடைசியில் காலே வேண்டாம் என்று நத்தையில் வந்து நின்றிருக்கிறது. ஒரு பிராணி இப்படித் தேய்ந்து தேய்ந்து உருவாகும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

"நத்தை என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"மழையில நனைய ஆசைப்படும். வாசலுக்குப் போறதுக்குள்ள மழை விட்டுடும்."

"அப்புறம்?"

"அடுத்த மழைக்குக் காத்திருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா."

இதற்கு ஒரு வருஷமாகப் பதினொரு பேர்! ஒரு முழுப் பாகம் கூட இன்னும் ஆகவில்லை. பென்சில் படங்களை வரிசையாகக் கோர்த்து ஒரு மாதிரிப் படம் செய்து வைத்திருக்கிறார்கள். நத்தைக்கு இப்போதைக்குக் குரல் நம் தாடிதான். ஆனால் தங்கச்சி, உன்னிடம் மறைப்பானேன், அதை நான் நாலு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன். நாலு தடவையும் மழை விட்டுவிடும் என்று தெரியும். நாலு தடவையும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஏன் என்று இன்னும் புரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிவிக்காரர்கள் ஒரே ஒரு தொடரைத்தான் எடுப்பார்களாம். ஒன்று இந்த நத்தை, இன்னொன்று வேறொரு கம்பெனியின் பறக்கும் தீயணைப்பு வண்டி. வியாழக்கிழமை ஐந்து வயதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை, ஆறு ஆறு பேராக உட்கார வைத்து இரண்டையும் காட்டுவார்கள். ஒருவர் பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, யார் எத்தனை தடவை திரையை விட்டுக் கண்ணை எடுத்தார்கள் என்று கோடு போடுவார். கோடு குறைவாக வாங்கினது ஜெயிக்கும். "இது நிக்கலைன்னா நானே மூட்டை கட்டிக்கிட்டு வந்துடறேன், அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள் உன் மகள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

வியாழக்கிழமை நானும் அவளுக்குத் துணையாகப் போனேன். அன்றைக்குப் பார்த்துக் கோடு போடுகிறவருக்குக் காய்ச்சல். டிவியிலிருந்து வந்த ஆய்வுக்கார அம்மா, "கண்ணை எடுக்காம பசங்களைக் கவனிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். என்னிடம் கேட்கிற கேள்வியா இது? முப்பத்தொரு வருஷம் பரீட்சை ஹாலில் வேறென்ன செய்தேன்? உன் மகள் என் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டேன். அவளுக்கு மாமன் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம் சார். பாருங்க, கோடு போடுங்க" என்றார் அந்த அம்மா. இதில் என்ன கஷ்டம்? படம் ஓடியது. இரண்டாவது நிமிஷம், மூன்றாவது நாற்காலியில் இரட்டைப் பின்னல் போட்ட குட்டி பக்கத்துப் பையன் பக்கம் திரும்பினாள். என் கை பேனாவை எடுக்கத்தான் போனது. தொண்டை முந்திக்கொண்டது. "ம்ஹும்!" அவ்வளவுதான் தங்கச்சி, ஆறு முதுகும் நேராகிவிட்டன. அப்புறம் என்ன நடந்தது என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. அடுத்த ஆறு பேர் வந்தார்கள், அதற்கடுத்த ஆறு பேரும் வந்தார்கள். ஒரு பொடியன் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான். இன்னொருவன், கேட்காமலே, பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

மொத்தக் கணக்கு: நத்தைக்குப் பூஜ்யம், தீயணைப்பு வண்டிக்குப் பூஜ்யம். ஆய்வுக்கார அம்மா இருபது வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லையாம். அறையில் எடுத்த வீடியோவைப் போட்டார். அதில் யாரோ ஒரு கிழவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே உலாத்திக்கொண்டிருந்தார். இந்த ஆளை யார் உள்ளே விட்டது என்று எனக்கே கோபம் வந்தது. அப்புறம்தான் சட்டையை அடையாளம் கண்டேன்.

"இவர் யாரு?" என்றார்.

உன் மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க மாமா" என்றாள்.

"சொந்தக்காரரை உக்கார வெச்சா டெஸ்ட் பண்ணுனீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எட்டில் எந்த வாயும் உதவவில்லை. சோதனை செல்லாது, வெள்ளிக்கிழமை வேறு பிள்ளைகள், வேறு ஆள், அந்தப் பெரியவர் இந்தத் தெருப் பக்கமே வரக்கூடாது என்று தீர்ப்பானது. திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடத்தில், "ஒண்ணும் பண்ணாம இருக்கறதுதான் மாமா வேலையே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இன்று காலை தாடி போன் செய்தான். நேற்றைய கணக்கு: தீயணைப்பு வண்டிக்கு ஒன்பது கோடு, நத்தைக்கு அறுபத்து நாலு. ஆக, முடிந்தது. நீ சொன்னபடியே நடந்துவிட்டது, நான் நயமாகப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிடாமல் பிடித்து வை. அவள் வந்தால் முதல் ஒரு வாரம் எதையும் கேட்காதே, பிடித்ததைச் சமைத்துப் போடு. உனக்கு ஜெயித்துக் கொடுத்தது நான்தான், ஆனால் அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், வாய் கோணாமல், நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்றுமே செய்யாமல் இருக்கத் தெரியாத
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் மகள் வந்தாள். நேற்றைய வீடியோவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டாள். தீயணைப்பு வண்டி பறக்கையில் பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி அசையாமல் இருக்கிறார்கள். முடிந்ததும் கதை என்ன என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. நத்தைக்கு? நானே கோடு போட்டு எண்ணினேன். அறுபத்து நாலில் அறுபத்தொன்று பக்கத்துப் பிள்ளையிடம் திரும்பினது. "இன்னைக்குப் போயிடும் பாரு!" "போகாது, மழை விட்டுடும்!" "நீ வேணா பாரு!" ஒருத்தன் எழுந்து நின்று நத்தையைத் தள்ளியே விடுகிறான். எதற்காகத் திரும்பினார்கள் என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லையாம். ஆய்வுக்கார அம்மா பேனாவால் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார். நத்தையை எடுத்துக்கொண்டார்கள், பதின்மூன்று பாகத்துக்கு.

பக்கத்தில் திரும்பினால் காப்பி அடிக்கிறான் என்று முப்பத்தொரு வருஷம் எழுதிக் கொடுத்தவன் நான். அதில் எத்தனை பேர் "உனக்கு வருதா?" என்று கேட்க மட்டும் திரும்பினார்களோ! நான் ஒருத்தரையும் கேட்டதில்லை.

ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்தது நீங்கலாக மற்றதெல்லாம் ரத்து. பள்ளிக்கூட வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல். எதற்கும் உன்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யலாமா என்று உன் மகள் கேட்டாள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.