கப்பலில் எடுத்த தண்ணி பேக்கேஜ்

கப்பல் சுற்றுலா போகப்போகிற சொந்தக்காரப் பிள்ளைகள் யாராவது போன் செய்து, "அத்தை, டிரிங்க்ஸ் பேக்கேஜ்னு ஒண்ணு விக்கறாங்களே, எடுக்கலாமா வேணாமா?" என்று என்னைக் கேட்டால், என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். மேலே போய்ச் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வம்சத்திலேயே இந்த விஷயத்தில் அனுபவம் உள்ள ஒரே ஆள் நான்தான். எங்கள் வீட்டில் யாரும் மதுவை மோந்துகூடப் பார்த்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்படியும் மூன்று பேருக்கு, மூன்று நாளைக்கு, முழுத் தொகை கட்டி அதை வாங்கியவள் நான். சும்மா வாங்கவில்லை, ஊரைக் கூட்டிச் சண்டை போட்டு வாங்கினேன்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷக் கோடை. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். திருத்தணியில் எங்கள் தெருக்குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும், மற்ற நாளில் லாரி. என் வீட்டுக்காரர் குமார் பிளாஸ்டிக் குழாய் வியாபாரம் செய்கிறவர். (கடை நிறையக் குழாய், வீட்டில் தண்ணீர் இல்லை. இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.) குடத்தோடு வரிசையில் நின்று நியாயம் பேசிப் பேசியே எனக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. தண்ணீர் விஷயத்தில் என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன்.

அந்த வருஷம் குமார் நிறையக் குழாய் விற்றதால் கம்பெனிக்காரர்கள் மூன்று டிக்கெட் கொடுத்தார்கள். சிங்கப்பூர் வரைக்கும் விமானம், அங்கிருந்து மூன்று நாள் கப்பல். மூன்றாவது டிக்கெட்டுக்கு நான் என் மாமனாரைப் பிடித்தேன். மாமா மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர். அவர் அப்பா, தாத்தா எல்லாரும் அதே அடுப்பில் நின்றவர்கள். மாமியார் போன பிறகு அவருக்கு மலை ஏறுவதும் இறங்குவதும்தான் வாழ்க்கை. "நான் எதுக்கும்மா கப்பலுக்கு? ஆச்சாரம் கெட்டுப்போனா திரும்ப எப்படிப் படி ஏறறது?" என்றார். "ஒண்ணும் கெடாது மாமா, நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நினைத்தால் இன்னமும் எனக்குக் காது சுடுகிறது.

கப்பலில் குடிக்கத் தண்ணீர் எப்படி இருக்குமோ என்று வீட்டிலிருந்தே நாலு பெரிய பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எடுத்துப் போயிருந்தேன். கப்பல் ஏறும் வாசலில் பெட்டியைச் சோதித்த ஆள் நாலையும் வெளியே எடுத்தான். ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தான். கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிறான், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். நாலையும் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான். எங்களைக் கூட்டிவந்த டூர் மேனேஜர் சென்னைப் பையன், டீலர்களும் குடும்பமுமாக எண்பது பேரைக் கட்டி மேய்க்க முடியாமல் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான். அவனைப் பிடித்தேன்.

"மேடம், வெளியிலேர்ந்து தண்ணி எடுத்துக்கினு வரக்கூடாது. உள்ள போய் தனியா காசு கட்டிக்கலாம்" என்றான்.

தண்ணிக்குக் காசு! சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், அதில் மிதந்துகொண்டு தண்ணிக்குக் காசு கேட்கிறான். என் உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் தெரு லாரிக்காரன் இவர்களுக்கு முன்னால் மகான் என்று தோன்றியது.

உள்ளே ஒரு பெரிய ஹாலில் எங்கள் குழுவை உட்காரவைத்தார்கள். குமார் பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய்விட்டார். அவர் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் நிலைமை எனக்கு வந்திருக்காது. மேனேஜர் நோட்டுப் புத்தகத்தோடு நடுவில் வந்து நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. சாப்பாடு, டீ, காபி எல்லாம் ஃப்ரீ. தண்ணி மட்டும் தனி. பேக்கேஜ் எடுத்தா மூணு நாளும் எவ்ளோ வேணா குடிக்கலாம். வேணுங்கற ஜென்ட்ஸ் மட்டும் பேர் குடுங்க."

ஜென்ட்ஸ் மட்டும் என்றதும் நான் எழுந்துவிட்டேன்.

"ஏங்க, ஜென்ட்ஸுக்கு மட்டும்தான் தாகம் எடுக்குமா? பொம்பளைங்க நாங்க மூணு நாளும் நாக்கு வறண்டு கெடக்கணுமா?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. எனக்கு ஆதரவு பெருகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்ல மேடம், லேடீஸ் யாரும் கேக்க மாட்டாங்கன்னு..."

"அத நீங்களே முடிவு பண்ணிக்கினா எப்படி? எங்க வீட்டுல நான்தான் முதல்ல குடிப்பேன். காலைல பல்லு தேச்சதும் வெறும் வயித்துல ஒரு சொம்பு."

"காலைலயேவா மேடம்?"

"எல்லாரும் அப்படித்தான். இதோ எங்க மாமா. மலைக்கோயில் மடைப்பள்ளியில நாப்பது வருஷமா சமைக்கிறாரு. அடுப்புச் சூட்டுல நிக்கறவரு, தண்ணி உள்ள போவாம கரண்டியவே கையில எடுக்க மாட்டாரு. ராத்திரி தலைமாட்டுல ஒரு பாட்டில் வெச்சுக்கினுதான் படுப்பாரு. நீங்களே கேளுங்க."

எண்பது தலைகளும் மாமா பக்கம் திரும்பின. நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்த மாமா கூச்சத்தோடு எழுந்தார்.

"ஆங், பழக்கம் ஆயிடுச்சுப்பா. டாக்டரும் நெறைய குடிக்கச் சொல்லிக்கிறாரு" என்றார்.

கைதட்டல் ஹாலையே தூக்கிக்கொண்டு போனது. வேலூர் டீலர் ஒருவர் எழுந்து நின்று மாமாவைக் கும்பிட்டார். மாமா பதிலுக்குக் கும்பிட்டார். நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஆர்.கே.பேட்டை டீலரின் மனைவி சரோஜா அக்கா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கிருத்திகை தவறாமல் மலைக்கு வருகிறவள், எங்களை நன்றாகத் தெரிந்தவள். நம் ஊர்க்காரி பேசுகிறாளே என்று பூரித்துப்போயிருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

"ஒரு ரூம்ல ஒருத்தர் எடுத்தா மிச்ச பேரும் எடுக்கணும்னு கப்பல்ல ரூல் மேடம்" என்றான் மேனேஜர், பாதி அழுகிற குரலில்.

"அதான் நியாயம். ஒருத்தர் குடிக்க, ரெண்டு பேர் வாயப் பாத்துக்கினு இருக்கறதா?"

சிங்கப்பூரில் ஒரு ஜோடி வளையல் வாங்க வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கட்டினேன். இவ்வளவு கேட்கிறானே என்று வயிறு எரிந்தாலும், உப்பைப் பிரித்தெடுத்துத் தரவேண்டாமா, செலவு இருக்கும் என்று என் மூளை எனக்குச் சமாதானம் சொன்னது. (அந்த மூளையைப் பற்றி நான் வேறெதுவும் சொல்ல விரும்பவில்லை.) எனக்கும் மாமாவுக்கும் மணிக்கட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை மாட்டப்பட்டது. மாமா முகம் மலர்ந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் கட்டும் காப்பு மாதிரியே இருக்கிறது என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முருகா" என்றார். குமார் திரும்பி வந்ததும் பட்டையைப் பார்த்து என்ன என்று கேட்டார். தண்ணிக்கு என்றேன். அவரும் கையை நீட்டினார். குழாய் விற்பவர் இல்லையா, அவருக்கும் தண்ணி என்றால் தண்ணிதான்.

மாலை ஆறு மணிக்கே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த மேஜையில் சரோஜா அக்கா குடும்பம். கையில் பட்டை இல்லாத அவர்களுக்குப் பரிமாறுகிறவர் வந்து, கண்ணாடி ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினார், நிறைய நிறைய. எங்களிடம் வந்தவர் பட்டையைப் பார்த்துவிட்டு ஒரு சொட்டு ஊற்றாமல் ஏதோ ஒரு புத்தகத்தை நீட்டிவிட்டுச் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டினேன்.

"வீ மணி. தே நோ மணி. தெம் வாட்டர், வொய்?"

அவர் மேனேஜரை அழைத்துக்கொண்டு வந்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்: "காசு கட்டாதவங்களுக்கு ஓசியில ஊத்தறீங்க. கட்டின நாங்க காஞ்சுபோய் உக்காந்துகினு இருக்கோம். இது எந்த ஊர் நியாயம்?"

"மேடம், அது சாதா தண்ணி. அது எல்லாருக்கும் ஃப்ரீ."

"அப்ப நாங்க கட்டினது எந்தத் தண்ணிக்கு?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். குனிந்து, "சரக்குக்கு மேடம்" என்றான்.

குமார் கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது. "இன்னாடி பண்ணி வெச்சிக்கிற?" என்றார், சத்தமே வராமல்.

"இன்னாப்பா சொல்றாரு?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல நைனா. நீ சாப்புடு நைனா" என்றார் குமார்.

மாமா சாப்பிடவில்லை. மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு ஹாலைப் பார்த்தார். மதியம் எதற்காகக் கைதட்டினார்கள், வேலூர்க்காரர் எதற்காகக் கும்பிட்டார் என்று ஒவ்வொன்றாக அவருக்குப் புரிந்து வருவதை நான் உட்கார்ந்து பார்த்தேன். துண்டை எடுத்துக் கையைச் சுற்றிக்கொண்டு எழுந்து அறைக்குப் போய்விட்டார். எனக்கு அப்படியே கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது.

பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள், கட்டினது கட்டினதுதான். சரி, அந்தப் பேக்கேஜிலேயே ஜூஸும் உண்டு என்றார்கள். போட்ட காசை எடுத்தே தீருவது என்று மறுநாள் உட்கார்ந்தேன். ஆரஞ்சு நாலு, அன்னாசி மூணு, பேர் தெரியாத சிவப்பு ஒன்று. மத்தியானத்துக்குள் வயிறு என்னைக் கைவிட்டது. பழக்கமுள்ளவர்கள் கதியாவது மேலா என்றால் அதுவும் இல்லை. காசுக்கு ஈடாகக் குடிக்காமல் விடுவதில்லை என்று காலையிலேயே ஆரம்பித்த வேலூர்க்காரரைக் கடைசி நாள் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு இறக்கினார்கள். மனுஷனால் குடிக்க முடிகிற அளவைக் கணக்குப் பார்த்து, அதற்கு மேல் விலை வைத்திருக்கிறார்கள், பாவிகள். போதாததற்கு டீலர்கள் ஒவ்வொருவராக வந்து, "அக்கா, உங்க பட்டையக் காட்டி ரெண்டு பீர் சொல்லுங்கக்கா" என்று குழைந்தார்கள். மாமா மூன்று நாளும் கையில் சுற்றிய துண்டை அவிழ்க்கவில்லை. அறுத்துப் போடலாம் மாமா என்றேன். "முருகா சொல்லிக் கண்ணுல ஒத்திக்கினேனேம்மா, அத எப்படிக் குப்பையில போடறது?" என்றார்.

நாங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் கதை வந்து சேர்ந்திருந்தது. நாற்பது வருஷ மடைப்பள்ளி, தலைமாட்டில் பாட்டில், வெறும் வயிற்றில் மருமகள். சரோஜா அக்கா ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. நான் சொன்னதை அப்படியே சிங்கப்பூரிலிருந்தே போனில் சொன்னாள். மாமாவை யாரும் வராதே என்று சொல்லவில்லை. அவராகவே நின்றுவிட்டார். "எந்த மொகத்தோட அடுப்பு முன்னால போய் நிக்கறது?" என்றவர் பதினோரு நாள் படி ஏறவில்லை. விடியற்காலை எழுந்து குளித்துவிட்டு, போக இடமில்லாமல் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் நானே கிளம்பினேன். பஸ்ஸில் போக மனசில்லாமல் படிகள் அத்தனையும் ஏறினேன், ஒவ்வொரு படியிலும் கப்பல்காரனைத் திட்டிக்கொண்டு. மடைப்பள்ளி வாசலில் தாமோதரன் அண்ணன் நின்றிருந்தார். மாமாவிடம் இருபது வருஷமாக வேலை கற்று, இப்போது மாமா இடத்தில் தவித்துக்கொண்டிருந்தவர். உள்ளே நாலைந்து பேர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நியாயம் பேச ஆரம்பித்தேன்.

"ஊர்ல ஆயிரம் பேசுவாங்கண்ணா. நான் இந்த மலை மேல நின்னு சொல்றேன். எங்க மாமா ஜென்மத்துல தண்ணி குடிச்சதில்ல. எங்க வீட்டுக்காரரும் குடிச்சதில்ல. நானும் தண்ணியத் தொட்டதே இல்ல." மூச்சு இரைத்தது, கண் இருட்டியது, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அண்ணா, முதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களின் கத்தி நின்றது. தாமோதரன் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வருகிற வரைக்கும். உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். கப்பலில் என்ன நடந்திருக்கும் என்று அதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என்னோடே கீழே இறங்கி வந்த தாமோதரன் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார்: "அண்ணே, பேக்கேஜ்ல ஒரு சொம்பு கெடைக்குமா? தாகமா இருக்குது."

மாமா வெளியே வந்து அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று பயந்தேன். பொங்கிக்கொண்டு வந்தது சிரிப்பு. தானே உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்துப் பட்டையை வெட்டித் தண்ணீர்க் குடத்துக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேல்துண்டோடு தாமோதரன் அண்ணனுடன் மலைக்குக் கிளம்பினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பேர் பேக்கேஜ். வருகிறவர்களுக்கு முதலில் பேக்கேஜ் கொடுப்போம். லாரி வந்தால் பேக்கேஜ் வந்துவிட்டது என்று குமார் கத்துவார். பள்ளிக்கூடத்தில் என் மகள், "டீச்சர், பேக்கேஜ் குடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்கப்போய், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

போன வருஷம் மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்கம் தெளிந்ததும் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "எம்மா, ஒரு வாய் பேக்கேஜ்" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் சட்டென்று போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். அதில் முழு உடம்புப் பரிசோதனைக்கு மூன்று விதமான பேக்கேஜ் இருந்தது, மூன்றுக்கும் விலை போட்டிருந்தது. படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மயக்கம் முழுசாகத் தெளியாத மனுஷனிடம் விற்க வருகிறார்களே என்று நியாயம் பேச எழுந்தேன்.

"நீ உக்காரும்மா" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே. "நீ பேசுனா இவங்க நம்ம மூணு பேருக்கும் சேத்துக் கட்டச் சொல்லுவாங்க. கொஞ்சமா ஊத்து, போதும்."

நான் உட்கார்ந்து, ஸ்பூனில் எடுத்து ஊற்றினேன்.