வாசலில் முட்டிய வெளிச்சம்

"வெளிச்சம் கடையைத் தாண்டிப் போவுதே, காஸ்பரு," என்றார் அய்யாதுரை அண்ணாச்சி.

எழுபத்து மூன்றாம் வருஷத் தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. தியாகராய நகரில் அவருடைய ஜவுளிக்கடை முகப்பில் காஸ்பர் பல்புச் சரம் கட்டியிருந்தான். இரண்டு ஓரத்திலிருந்தும் ஒவ்வொரு வெளிச்சம் ஓடிவந்து, வாசலுக்கு மேலே ஒன்றையொன்று கடந்து, எதிர்ப்பக்கம் போய் மறையும். அவன் சொந்தமாக எடுத்த முதல் வேலை.

"ஓடறதுதானே அண்ணாச்சி அழகு?"

"லட்சுமி வாசல் வரைக்கும் வந்துட்டு அடுத்த கடைக்கு நடக்கா. இது என்னல அழகு? இன்னைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா இறக்கிட்டுப் போ. வேற ஆள் இருக்கான்."

சாந்தோம் சர்ச் பங்குக்காரனான காஸ்பருக்கு லட்சுமியின் போக்குவரத்து அவ்வளவாகப் பழக்கமில்லை. பல்புகளை வரிசையாக எரியவிடும் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தான்.

"இப்ப கடை கடையா விசாரிச்சுட்டுப் போறா."

வேகத்தைக் கூட்டினான்.

"இப்ப ஓடியே போறா."

பொழுது சாய்ந்தது. முதல் வேலையே இறங்கிவிட்டால் இந்தத் தெருவில் இனி யார் கூப்பிடுவார்கள்?

அந்த நேரம் பார்த்து, பில் போடும் சீதா டீக்காக மேஜை மணியைத் தட்டினாள். ணிங்.

வாசலுக்கு மேலே இரண்டு வெளிச்சமும் முட்டிக்கொண்டன. முட்டி, வந்த வழியே திரும்பின.

"யாத்தே," என்றார் அண்ணாச்சி.

காஸ்பர் எதையும் தொட்டிருக்கவில்லை. "சீதா, ரெண்டும் சந்திக்கிறப்போ இன்னொரு தடவை தட்டும்மா."

மணி அடித்தால் முட்டித் திரும்பின. அடிக்காவிட்டால் பேசாமல் தாண்டிப் போயின. எந்தக் கம்பி எங்கே போகிறதென்று காஸ்பருக்குத் தெரியும்; மணிக்கு எதுவும் போகவில்லை. தெரிந்தும் அவன் கண் காதின் பேச்சைத்தான் கேட்டது. முப்பது வருஷமாகத் தன் கண் தன் சொல்படி நடக்கிறதென்று நம்பியிருந்தான்.

நடைபாதையில் போனவர்கள் பையோடு நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னல மாயம் இது?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. எல்லாம் மணிதான்."

இன்னும் நாலு முறை பார்த்தார். மெல்ல அவர் முகம் சுருங்கியது.

"முன்னால லட்சுமி தாண்டித்தான் போனா. இப்ப வாசல்ல முட்டித் திரும்புதா. மணியடிச்சு நாமளே விரட்டுதோம். சரத்தை இறக்குல."

காஸ்பர் ஏணியை எடுத்தான். வாசல் பெருக்கும் வேலம்மா, ஈரத்துணியும் கையுமாகக் குறுக்கே வந்து நின்றாள்.

"இறக்காத நைனா. காலைல அம்பது பல்பையும் தொடச்சவ நானு. எதுவும் வரவும் இல்ல, போவவும் இல்ல. அதது வச்ச எடத்துலயே எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சிக்கினு கீது. உன் லட்சுமி நவுரவே இல்ல, மொதலாளி."