கிளவுடுக்குப் போகும் ஆயத்தத்தில் சோமன் சார்

உலகத்தில் ஆயத்தக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. இவர்களைப் பயணம் போகிறவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பயணம் போகிறவர் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது. ஆயத்தக்காரர் போக மாட்டார். போவதற்கு என்னென்ன வேண்டும், யார் யாரைக் கேட்க வேண்டும், எது முதலில், எது பிறகு, வழியில் மழை பெய்தால் என்ன செய்வது, பெய்யாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, எழுதி, கட்டம் போட்டு, கட்டத்துக்கு வண்ணம் பூசி, அதை நாலு பேருக்குக் காட்டி, நாலு பேரும் சொன்ன திருத்தங்களைச் சேர்த்து, மறுபடியும் முதலிலிருந்து எழுதுவார். முன்பு வீடு கட்டுகிற இடத்திலும் கல்யாண வீட்டிலும் மட்டும் தென்பட்ட இனம் இது. இப்போது கம்ப்யூட்டர் இருக்கும் இடமெல்லாம் பரவிவிட்டது. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். "நம்ம டேட்டா எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்தப் போறோம்" என்று அவர் முதன்முதலாகச் சொன்னது எந்த வருஷம் என்று யோசித்துப் பாருங்கள். நினைவு வராது.

எங்கள் ஊர் ஆயத்தக்காரர் சோமன் சார். பாறசாலையில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறார். குளத்தூரிலும் அம்பூரியிலும் ஒவ்வொரு கிளை. நான் என் சர்க்கரைக்காக மாதம் ஒரு காலை அங்கே பெஞ்சில் உட்காருகிறவன். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. இரண்டு ஊசிக்கும் நடுவில் ஒரு மனிதரைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மூன்று லேப்பின் ரிப்போர்ட்டுகளும் பாறசாலை லேப்பின் பின்னறையில், ஸ்டூல்மேல் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அதற்கு சர்வர் என்று பெயர். துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், மலைப்பக்கம் இடி முழங்கத் தொடங்கியதும், எல்லா வீட்டிலும் டிவியின் பிளக்கை உருவுவது போல, கவுண்டரில் இருக்கும் பின்சி ஓடிப்போய் சர்வரின் பிளக்கை உருவுவாள். உடனே குளத்தூரிலும் அம்பூரியிலும் வேலை நின்றுவிடும். அங்கே வெயில் காய்ந்தாலும் சரி, பாறசாலையில் இடி அடங்கும்வரை மூன்று ஊரிலும் யாருடைய ரிப்போர்ட்டும் வெளியே வராது. கேட்டால், "இடியாக்கும்" என்பாள் பின்சி. அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் சோமன் சார் கிளவுடுக்குப் போகத் தீர்மானித்தார். நல்ல தீர்மானம். நாலு வருஷம் ஆயிற்று.

திங்கட்கிழமைதோறும் பதினொரு மணிக்குக் கூட்டம். டீ, பழம்பொரி, லேப்டாப். திட்டத்தில் ஏழு கட்டங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். முடிந்தது பச்சை, நடப்பது மஞ்சள், தொடங்காதது சிவப்பு. எனக்குத் தெரிந்து நாலு வருஷமும் அந்தத் திரையில் செம்பருத்திதான் பூத்துக் கிடந்தது. இடவப்பாதி மழை கழியட்டும் என்பார். கழிந்ததும் ஓணம் வரும். ஓணம் முடிந்தால் துலாம் இடி. இடி ஓய்ந்தால் கிறிஸ்துமஸ், பிறகு சர்ச் கன்வென்ஷன், பிறகு ஏதாவது ஒரு தேர்தல். இதற்கிடையில் ஒரு நல்ல வாரம் தப்பித்தவறி வந்துவிட்டால் அதில் திட்டத்தைத் திருத்துவார்.

நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் ஷிபுதான் லேப்பின் சாப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறவன். விவரம் போதாத பையன். ஒரு திங்கட்கிழமை வாயைத் திறந்துவிட்டான்.

"சாரே, இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக்கும். காலையில தொடங்கினா சாயங்காலம் தீரும்."

ஆயத்தக்காரரிடம் சொல்லவே கூடாத வார்த்தை எது என்று கேட்டால் இதுதான். சோமன் சார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எலே ஷிபு, நீ வேலையைப் பாக்குதே. நான் ரிஸ்க்கைப் பாக்குதேன்."

அன்றைக்குத் திட்டத்தில் எட்டாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது. அதற்கு ரிஸ்க் என்று பெயர்.

ஒன்றுமே முடிக்கவில்லை என்று அவரைச் சொல்லிவிடவும் முடியாது. 'மக்களுக்கு அறிவிப்பு' என்ற கட்டத்தை முதல் மாதத்திலேயே முடித்துப் பச்சையாக்கிவிட்டார். கவுண்டருக்கு மேலே மலையாளத்திலும் தமிழிலும் ஒரு போர்டு: 'இனி காகிதம் சூட்சிக்க வேண்டாம். உங்கள் ரிப்போர்ட் எங்களிடம் என்றும் பத்திரம்.' சூட்சிப்பது என்றால் பத்திரப்படுத்துவது. போர்டு அழகாக இருந்தது. ரிப்போர்ட் அப்போதும் ஸ்டூல்மேல்தான் இருந்தது.

போர்டை எல்லோரும் படித்தோம். விமலகுமாரி அக்கா மட்டும் நம்பினார். புத்தன்வீட்டு விமலகுமாரி, வீட்டில் தையல் வேலை செய்கிறவர். ஆறேழு வருஷமாகச் சிறுநீரகத்தில் கோளாறு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இங்கே ரத்தம் கொடுப்பார். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது அலமாரியில் இருந்த ரிப்போர்ட் கட்டு முழுவதையும் எடுத்து, பழைய பேப்பர் வாங்கும் ஆக்கர்க்காரனிடம் போட்டுவிட்டார். எல்லாம் சோமன் தம்பியிடம் பத்திரமாக இருக்கும்போது வீட்டில் எதற்குக் குப்பை?

இந்த நேரத்தில்தான் சோமன் சார் 'சுத்தப்படுத்துதல்' என்ற கட்டத்துக்கு வந்தார். அழுக்கு டேட்டாவைக் கிளவுடுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். ஒரே ஆள் நாலு பெயரில் கிடக்கிறாராம். ஆள் ஒன்று, பதிவு ஒன்று என்று ஆக்கிவிட்டுத்தான் புறப்படுவாராம். ஒருவரை எப்படி அடையாளம் காண்பது? போன் நம்பரை வைத்துப் பார்க்கலாம் என்றான் ஷிபு. போன் நம்பரை ஆட்கள் ஓணத்துக்கு ஓணம் மாற்றுகிறார்கள், பெயரைக் கவுண்டரில் இருப்பவர் காதில் விழுந்தபடி எழுதுகிறார், மாறாமல் இருப்பது வீட்டுப் பெயர் ஒன்றுதான் என்றார் சோமன் சார். வீட்டுப் பெயரும் பிறந்த வருஷமும் ஒன்றானால் ஆளும் ஒன்று.

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்குப் புத்தன்வீடு என்று பெயர். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் தென்னை விளையில் இன்னொரு வீடு கட்டுவார்கள். அது புது வீடு, ஆகவே புத்தன்வீடு. ஐம்பது வருஷம் கழித்து ஓடு உடைந்து ஒழுகினாலும் அது புத்தன்வீடுதான். சோமன் சாருடைய வீடும் ஒரு புத்தன்வீடு. தபால்காரர் மாறிப்போட்ட கடிதங்களை வாழ்நாளெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, திட்டம் போடும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

"முதல்ல ஒரு காப்பி எடுத்து வையுங்க சாரே" என்றான் ஷிபு.

"காப்பி எடுக்கது மூணாம் கட்டமாக்கும். இப்பம் நடக்கது ரெண்டாம் கட்டம்."

ரெண்டாம் கட்டம் ஒரு திங்கட்கிழமை முடிந்து பச்சையானது. போர்டைத் தவிர, நாலு வருஷத்தில் திட்டத்திலிருந்து உண்மையாகவே நடந்த ஒரே வேலை அதுதான்.

மறுநாள் நான் முதல் ஊசி முடிந்து பெஞ்சில் இருந்தபோது விமலகுமாரி அக்கா சோமன் சாரைத் தேடி வந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்துல புதிய டாக்டரைப் பாக்கணும். கிட்னிக்கு எடுக்க கிரியாட்டினின் கணக்கு அஞ்சு வருஷத்துக்கு உள்ளது ஒக்க வேணுமாம். பைய்யப் பைய்யக் கூடினதுன்னா மருந்து போதுமாம். சட்டுன்னு கூடினதுன்னா உடனே டயாலிசிஸ் தொடங்கணுமாம். அதைப் பாத்துதான் முடிவு சொல்லுவாராம்."

"அதுக்கென்ன அக்கா, ஒரு மினிட்" என்று சோமன் சார் தாமே உட்கார்ந்து தட்டினார். பிரின்டர் நிற்கவேயில்லை. பதினாலு பக்கம் வந்தது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்தக் காகிதத்தின்படி அவருக்கு மூன்று ரத்த வகைகள் இருந்தன. கிரியாட்டினின் ஒரு திங்கட்கிழமை 0.8, செவ்வாய்க்கிழமை 4.6, புதன்கிழமை மறுபடியும் 0.9. இரண்டு தடவை புரோஸ்டேட் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார்.

"இது யாரு தம்பி?"

"நீங்களாக்கும் அக்கா."

"எனக்குப் புரோஸ்டேட் உண்டா?"

"நார்மல்னுதானே போட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அவர் பதினாலு பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து புரட்டினார். "அப்பம் என்னோடது எங்க தம்பி? நான் வீட்டுல உள்ளதை ஒக்கக் களஞ்சேனே" என்றார். சோமன் சார் பின்னறைக்குப் போனார், வந்தார், ஷிபுவுக்கு போன் செய்தார். ஷிபு அந்தப் பக்கம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. சார் போனை வைத்த விதத்தில் தெரிந்தது. ஒன்றாகச் சேர்த்த பதிவுகளை இனிப் பிரிக்க முடியாது. எனக்குக் கோபமாக வந்தது. ஆயத்தக்காரர்களிடம் கோபப்படுவதும் எளிதில்லை. நம்மைவிட அவர்கள் முகம்தான் அதிகம் வாடிப்போகிறது.

"மாமி, இங்க வாங்க" என்றாள் பின்சி.

கொரோனாக் காலத்தில் மாநில எல்லை வழிகளையெல்லாம் அடைத்தபோது, தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்களால் ரிப்போர்ட் வாங்க வர முடியவில்லை. பின்சி கவுண்டர் போனில் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினாள். வழி திறந்த பிறகு நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை. போன் பழசாகி இரண்டு தடவை மாற்றியபோதும் பழைய படங்களையெல்லாம் புதியதில் இறக்கிக்கொண்டாள். எத்தனை கட்டம், என்ன நிறம் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

போனில் விமலகுமாரிகளே பதினோரு பேர் இருந்தார்கள். 'விமலகுமாரி ஆட்டோ', 'விமலகுமாரி ஊசி பயம்', 'விமலகுமாரி சண்டை' என்று விரல் இறங்கிக்கொண்டே போய், 'விமலகுமாரி தையல்' என்ற இடத்தில் நின்றது. அஞ்சு வருஷத்துப் படங்கள், ஒன்றின்கீழ் ஒன்றாக. பின்சி தேதியும் எண்ணும் படிக்க, நான் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். முப்பத்தோரு வரி. இரண்டாவது ஊசிக்கான நேரம் தாண்டிப்போனதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

"என் போனிலயும் இது உண்டா மக்கா?"

"உண்டு மாமி. நீங்க பாட்டு வீடியோ பாக்கத்தான் அதைத் திறக்கது."

வெள்ளிக்கிழமை டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, பைய்யப் பைய்யத்தான் ஏறியிருக்கிறது, இப்போதைக்கு மருந்து போதும் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை அக்கா பின்சிக்கு ஒரு பிளவுஸ் தைத்துக்கொண்டு வந்தார், அளவெடுக்காமலேயே. சரியாக இருந்ததாம். எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது.

சோமன் சாருக்கும் சந்தோஷம்தான். அவர் கெட்டவர் அல்லர். அக்காவிடம் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டதை நானே பார்த்தேன். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவர் பின்சியைக் கூட்டத்துக்கு அழைத்து, முதல்முறையாக நாற்காலி போட்டு, பழம்பொரி கொடுத்தார். அவள் செய்துவந்த வேலையை முறைப்படுத்தப் போவதாகவும், அதற்கு ஒரு திட்டம் தயாராகும்வரை படம் அனுப்புவதை நிறுத்திவைக்கும்படியும் சொன்னார். பின்சி "செரி சாரே" என்றாள். அரைமணி நேரத்தில் என் சர்க்கரை ரிப்போர்ட் வழக்கம்போல என் போனுக்கு வந்தது.

நீங்கள் சோமனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. உங்கள் அம்மாவுக்குப் போன முறை எடுத்த ஸ்கேன் எங்கே இருக்கிறது? நாளைக் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவீர்களா? "எல்லாத்தையும் ஒரு நாள் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தணும்" என்று வாய்வரை வருகிறது, இல்லையா? சொல்லுங்கள், தப்பில்லை. சொல்லும்போது கண்ணாடியில் உங்கள் முகத்தை மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய சாயல் தெரியும்.