யுகம் அண்ணை கல்யாணம் கட்டிய நாள்

2012 டிசம்பரில், நாலு பேருக்குப் புத்தி சொல்லித் திரிந்த நான், ஜெர்மனியில் என் பீலெஃபெல்ட் வீட்டுக்குக் கீழே கெல்லர் என்கிற நிலவறையில் அரிசி மூட்டையும் மீன் ரின்னும் மெழுகுவர்த்தியும் அடுக்கினேன். இருபத்தோராம் திகதி மாயன் நாட்காட்டி முடிகிறது, உலகமும் முடிகிறது என்று எங்கும் பேச்சு. எல்லாம் புலுடா என்று ஊருக்குச் சொன்னேன்; அரிசியைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜெர்மனியில் காலத்தோடு நேருக்கு நேர் பேசிய தமிழர் ஒருவர்தான்: ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த யுகம் அண்ணை. பஸ் பிந்தினால் மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் கலியுகத்தில் மிச்சம் எவ்வளவு என்று யோசிப்பார். பெண் பேசி வந்தவர்களை எல்லாம் "யுகம் மாறட்டும், பாப்பம்" என்று விரட்டியே ஐம்பதைத் தொட்டுவிட்டார்.

அந்த வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எனக்குக் கல்யாணம். மலர் ஓமெண்டிட்டா. இருபத்தோராம் திகதி பதிவுக்கு டெர்மின், நேரம் குறிச்சுத் தந்திட்டாங்கள். நீர்தான் சாட்சி."

"அண்டைக்கோ அண்ணை?"

மலர் அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவருடைய தமையன், "அழியிற நாளில கல்யாணமோ? படிச்ச மனுசன் ஒருத்தர் சாட்சிக்கு நிண்டால் வாறன். இல்லாட்டி இந்தப் பேச்சை விடுங்கோ" என்று சொல்லிவிட்டாராம். படித்தவன் என்று பேரெடுத்த பாவி நான்.

"ஏலாது" என்று வாயெடுப்பதற்குள், திறந்து கிடந்த கெல்லரை எட்டிப் பார்த்துவிட்டார்.

"உலகமே அழிஞ்சால் இந்த அரிசியை ஆர் காணும் அவிக்கிறது?"

இறங்கிப் போய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். "அழியுமெண்டு அந்த மாயன் ஆக்கள் சொல்லேல்லை. பெரிய கணக்கொண்டு நிரம்புது, பிறகு திரும்பத் தொடங்குது. அவ்வளவுதான். தொலைநோக்கி இல்லை, ஒண்டுமில்லை. வெறுங்கண்ணால வெள்ளியைப் பாத்துப் பாத்து, தகப்பன் விட்ட இடத்தில மகன் தொடங்கி, தாங்கள் காணப்போகாத நாளைக் கல்லில வெட்டி வைச்சிருக்கிறாங்கள். அந்த நாள் எங்கட கையில கிடைச்சிருக்கு. இதில கட்டாமல் வேற எப்ப கட்டுறது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "வாறன் அண்ணை" என்றேன்.

இருபத்தோராம் திகதி காலை சூரியன் வரவில்லை. ஜெர்மனியில் அது செய்தியல்ல. பதிவுக் கந்தோருக்குத் தமையன் வந்திருந்தார், கூரையிலேயே ஒரு கண்ணாக. சம்மதமா என்று அதிகாரி கேட்டதும் யுகம் அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே சாம்பல் வானத்தைப் பார்த்தபடி நின்றார். கண் நிறைந்திருந்தது. எங்கோ ஒரு காட்டில் எவரோ செதுக்கிவைத்த நாளுக்குள் நாங்களும் நிற்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூச்சுவிடவே கூச்சமாக இருந்தது.

"யா" என்று ஜெர்மனில் ஓம் சொன்னார் அண்ணை, மெல்ல.

சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து, மலர் அக்காவிடம் கேட்டேன்: "யுகம் பிறக்கிற நாளெண்டோ அக்கா நீங்களும் இண்டைக்கு ஓமெண்டனீங்கள்?"

"எனக்கு வெள்ளிக்கிழமைதான் தம்பி லீவு."